ஆறரையில் நின்ற முள்

கம்பியின் நீளத்தைக் குறைத்தால் அது இழுக்கிற மின்சாரமும் குறையும் என்று நாலு வீட்டுக்காரர்களை நம்ப வைத்த ஆள் நான். நம்பியதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் சொல்கிற விதம் அப்படி. ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு நிதானமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி சொல்வேன். பதுளையில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் அப்படித்தான் நிற்பார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பதுளையில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, மீதியை நடந்தே ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களுக்கு மேலே, தொழிற்சாலைக்குக் கீழே, உத்தியோகத்தர்களுக்கு ஒரே வரிசையாக ஐந்து வீடுகள். கடைசி வீட்டில் நான் தனிக்கட்டை. பக்கத்து வீட்டில் பெரிய கிளாக்கரும் அவர் மனைவியும். அந்த அம்மாவை வரிசை முழுவதும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய கிளாக்கரே சில நேரம் மறந்துபோய் அக்கா என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

தொழிற்சாலைக்கு வந்த மின்சாரத்தில் ஒரு சின்னக் கிளை எங்களுக்கும் கிடைத்தது. லயங்களில் அன்றைக்குக் குப்பி விளக்குதான், ஆகவே இது பெரிய சலுகை. ஒரேயொரு நிபந்தனை: பல்பு எரிக்கலாம், ரேடியோ கேட்கலாம், கரண்ட் அடுப்பு மட்டும் கூடாது. நிபந்தனையை எல்லோரும் மதித்தோம். அதாவது, அடுப்பை ஜன்னலில் தெரியாத மூலையில் வைத்துக்கொண்டோம்.

என்னுடையது வட்டமான ஒரு சுட்ட களிமண் தட்டு. அதில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளம், பள்ளத்துக்குள் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட கம்பி. அந்தச் சுருளைக் காயில் என்போம். ஸ்விட்சைப் போட்டால் செக்கச் சிவக்கும். பரம ரகசியமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் நான் ஸ்விட்சைப் போட்ட மறு நொடி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரையைக் கண்டவர்கள் மாதிரி, ஐந்து வீட்டுப் பல்புகளும் ஒன்றாகத் தலையைக் குனியும். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வரும்.

"தம்பி! தேத்தண்ணியா போடுறீங்க? அப்புடியே எங்களுக்கும் ரெண்டு கப்!"

காயிலுக்கு ஆயுள் குறைவு. பொங்கி வழிந்த பால் பட்டால் போதும், எங்காவது ஓரிடத்தில் அறுந்துவிடும். புதிது வாங்கலாம் என்றால் அது வெளிநாட்டுச் சாமான் எதுவும் கண்ணில் படாத காலம். பதுளைக் கடைவீதியில் மின்சாமான் விற்கிற முஸ்லிம் முதலாளியை எல்லோரும் நானா என்போம். அவரிடம் போய் நின்றேன்.

"நானா, காயில் இருக்கா?"

"கப்பல்ல வருது தம்பி."

"எப்ப வரும்?"

"கப்பல் சொல்லல்ல."

ஆகவே அறுந்த இடத்தில் கருகிய முனைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிஞ்சிய சுருளை இழுத்து, முனையோடு முனையைக் கொளுவி, மறுபடியும் பள்ளத்தில் பதித்தேன். எரிந்தது. அக்காவின் காயில் அறுந்தபோது அதற்கும் அதே வைத்தியம். அடுத்து, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் வீடு. கொஞ்ச நாளில் வரிசை முழுவதற்கும் நானே காயில் வைத்தியர். ரகசிய அடுப்பு என் வீட்டில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வைத்தியத்துக்கு வைத்தியம் காயில் குட்டையாகிக்கொண்டு போனது. அக்காவுக்கு ஒரு சந்தேகம்.

"இப்புடி வெட்டிக்கிட்டே போனா ஒண்ணும் ஆயிராதா தம்பி?"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அக்கா, அடுப்புல வெறகைக் கொறைச்சா தீ கூடுமா, கொறையுமா?"

"கொறையும்."

"அதே கணக்குதான். கம்பி கொறைஞ்சா சூடு கொறையும். சூடு கொறைஞ்சா கரண்டும் கொறையும். தோட்டத்துக்கு நான் மிச்சம் புடிச்சுக் குடுக்கிறேன்."

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று அக்கா உள்ளே போய் எனக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். என் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த முதல் பரிசு அதுதான்.

சூத்திரமும் எனக்கு மனப்பாடம். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது அடுப்பின் பலம். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது கம்பி காட்டுகிற தடை. என் அடுப்பின் அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருந்தது. ஆயிரத்தை இருநூற்று முப்பதால் வகுத்தால் நாலே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இருநூற்று முப்பதை அதால் வகுத்தால் ஐம்பத்து மூன்று ஓம். இதுவரை பிழையே இல்லை. பிழை இதற்குப் பிறகுதான், என் சொந்த முயற்சியில் ஆரம்பமாகிறது. காயிலில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியபோது, அடுப்பின் பலமும் மூன்றில் இரண்டு பங்காகி அறுநூற்றுச் சொச்சம் வாட்டுக்கு இறங்கிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதை வோல்டால் வகுத்து, "மூணு ஆம்பியர்கூட இல்ல" என்று வரிசையெல்லாம் அறிவித்தேன்.

இத்தனைக்கும் என் வீட்டில் ஒரு சாட்சி இருந்தது. அடுப்பு வாங்கிய கையோடு, நானாவின் பழைய சாமான் குவியலிலிருந்து ஓர் ஆம்பியர் மீட்டரையும் வாங்கி வந்திருந்தேன். வட்ட முகம், பித்தளை விளிம்பு, ஒரு கறுப்பு முள். குசினியில் அடுப்புக்கு மேலே பலகை அடித்து மாட்டினேன். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்பதுதான் நோக்கம். அடுப்பு புதிதாக இருந்தபோது முள் நாலே காலைத் தாண்டி நின்றது. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் மேலே ஏறி, கடைசியில் ஆறரைக்கு வந்துவிட்டது. மூன்றைக் காட்ட வேண்டிய முள் ஆறரையைக் காட்டினால் என்ன அர்த்தம்? மீட்டர் பழசு என்று அர்த்தம். விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வீட்டுக்குள் இருந்த ஐந்து ஆம்பியர் பியூஸ் கம்பி அடிக்கடி உருகியது. அதுவும் பழசு. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்து அந்த இடத்தில் செருகினேன். தண்ணீர் வேறு முன்பைவிடச் சீக்கிரமாகக் கொதித்தது. உயரமான இடத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று படித்திருந்ததால் அதற்கும் விளக்கம் தயார். ஆக, மீட்டர் பழசு, பியூஸ் பழசு, மலை உசரம். நான் மட்டும் சரி.

இந்த லட்சணத்தில்தான் அக்கா எனக்குப் பெண் பார்த்தார்.

தெமோதரைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண். அப்பாவுக்குப் பதுளையில் புடவைக் கடையில் வேலை. தாய் இல்லை, வளர்த்தது அத்தை. அவளை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன். பதுளையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு கதையை எடுத்துவிட்டு மேசை முழுவதையும் சிரிக்க வைத்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த அவள் மட்டும் சிரிக்காமல், "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை, கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. முப்பதைத் தாண்டி, வந்த இரண்டு சம்பந்தமும் 'மாப்பிள்ளை வாய் ஓயாது போலிருக்கு' என்று தட்டிப்போயிருந்த எனக்கு, கட்டினால் அந்த "அப்புறம்"காரியைத்தான் கட்டுவது என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அக்கா அவர்கள் வீட்டுக்கே போய் என் அருமை பெருமைகளை எடுத்துச் சொன்னார். எடுத்துச் சொல்ல அதிகம் இல்லாததால் கரண்ட் அடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை வீட்டுல வெறகு பொளக்கத் தேவையில்ல, கண்ணு கலங்க ஊதத் தேவையில்ல. ஸ்விச்சைப் போட்டா தேத்தண்ணி!"

அத்தைக்கு உடனே பிடித்துவிட்டது. பெண்தான், வீட்டைப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்றாளாம். பெண் வீட்டுப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். பெண்ணே கிளம்பி மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி. அப்பாவோ, "அவ பாத்துட்டு சரின்னா சரி, இல்லேன்னா இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆக, என் எதிர்காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணியில் வந்து நின்றது.

அன்றைக்குப் பார்த்து மழை. பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றதால் பட்டப் பகலிலேயே எல்லா வீட்டிலும் பல்பு எரிந்தது. மூன்று பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு குடைகளுக்குள் நனைந்து வந்தார்கள். அப்பா குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் சுவர்களைப் பார்த்தார். அத்தைக்கு உட்காரப் பொறுமையில்லை.

"எங்க தம்பி, அந்தக் கரண்டு அடுப்பு?"

அத்தை முன்னால், அவள் பின்னால், குசினிக்கு அழைத்துப் போனேன். கேத்தலை வைத்து, ஒரு மந்திரவாதியின் தோரணையில் ஸ்விட்சைப் போட்டேன். பல்பு தலையைக் குனிந்தது. காயில் சிவந்து, அப்புறம் செம்மஞ்சளாகிப் பளபளத்தது. கேத்தல் உடனே முனக ஆரம்பித்தது. அத்தை வாயைப் பிளந்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேலே.

"ஏன் தம்பி, இந்தக் கடிகாரம் ஓடலியா? இப்பதானே நாலு மணி, இது ஆறரைங்குதே?"

"அது கடிகாரம் இல்லீங்கம்மா, ஆம்பியர் மீட்டரு. எவ்வளவு கரண்டு போகுதுன்னு காட்டும்."

"அப்ப ஆறரை போகுதா?" என்று கேட்டாள் அவள். எனக்கென்று அவள் சொன்ன இரண்டாவது வாசகம்.

"இல்ல இல்ல, மூணுகூட இல்ல. மீட்டர் பழசு, பொய் சொல்லும்."

"பொய் சொல்றதை எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்தினார். நான் விடவில்லை. காயில் அறுந்த கதை, விறகுக் கணக்கு, தோட்டத்துக்கு நான் பிடித்துக்கொடுக்கும் மிச்சம் எல்லாவற்றையும் கூரையைப் பார்த்தபடி விளக்கினேன். முடிப்பதற்குள் கேத்தல் மூடி தட்டியது.

"அதுக்குள்ள கொதிச்சிருச்சே" என்றாள்.

"உசரமான எடம் பாருங்க. மலையில தண்ணி சீக்கிரம் கொதிக்கும்."

"காயில் புதுசா இருந்தப்பவும் இதே வேகந்தானா?"

"அப்ப கொஞ்சம் மெதுவா..."

"அப்பவும் இதே மலைதானே? இடையில உசந்திருச்சா?"

என் கைகள் தாமாகவே பின்னாலிருந்து முன்னால் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் கேத்தலின் ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் 230 என்று எழுதினேன். முள் உண்மையே சொல்கிறது என்று வைத்துக்கொண்டால்? இருநூற்று முப்பதை ஆறரையால் வகுத்தேன். முப்பத்தைந்து ஓம் வந்தது. ஐம்பத்து மூன்றில் மூன்றில் இரண்டு பங்கு அச்சாக அதுதான். கம்பி குறைந்த அளவுக்குத் தடை குறைந்திருக்கிறது. அடுத்து இரண்டையும் பெருக்கினேன். ஆயிரத்து ஐந்நூறுக்கு ஐந்து குறைவு. பல்பு தலைகுனியும்போது வோல்டும் கொஞ்சம் இறங்கும், அதைத் தள்ளிப் பார்த்தாலும் என் அறுநூற்றுச் சொச்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வோல்ட் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. என் கம்பி நீளமா குட்டையா என்று அது விசாரிப்பதில்லை. தடுக்கிற கம்பியைப் பாதி வழியில் நான் கிள்ளி எறிந்தால், மின்சாரம் பதுளை பஸ்ஸில் கதவு திறந்த மாதிரி முண்டியடித்து ஏறத்தான் செய்யும்.

"மீட்டர் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றேன்.

அவள் கண்ணாடிக் கணக்கை ஒரு தடவை மேலிருந்து கீழே வாசித்தாள். பிள்ளைகளின் கொப்பியைப் பார்க்கிற பார்வை. "எத்தனை காயில் இப்புடி வெட்டுனீங்க?"

"வரிசை முழுக்க."

அந்த நேரம் பல்பு இரண்டாவது தடவை தலையைக் குனிந்தது. சுவருக்கு அப்பாலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. விருந்தாளிகளுக்கு வெறும் தேத்தண்ணியா என்று அக்கா தன் கரண்ட் அடுப்பில் வடை சுடத் தொடங்கியிருந்தார். பருப்புக் கிடைக்காத காலம், ஆகவே மரவள்ளிக்கிழங்கு வடை. பல்பு மூன்றாவது தடவையும் குனிந்தது. அது டிஸ்பென்சர் வீடு. எனக்காகப் பால் காய்ச்சி அனுப்புவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் என் கல்யாணத்தில் அவ்வளவு அக்கறை.

விரல் மறுபடி கண்ணாடிக்குப் போனது. எனக்கு ஆறரை, அவர்கள் இரண்டு பேருக்கும் குத்துமதிப்பாக ஆறு ஆறு. கூட்டினால் பதினெட்டரை. வெளியே கம்பத்தில் வரிசைக்கெல்லாம் சேர்த்து ஒரு பியூஸ் இருந்தது, அது பத்து ஆம்பியருக்கு உரியது.

"அக்கா!" என்று சுவரைத் தட்டினேன். "அடுப்பை அமத்துங்க! சீக்கிரம்!"

"இன்னும் ஒரே ஒரு ஈடுதான் தம்பி!"

கம்பத்தில் பட்டென்று ஒரு சத்தம். ஐந்து வீடுகளும் இருண்டன. பெரிய கிளாக்கரின் ரேடியோ பாட்டின் நடுவே வாயை மூடியது.

எங்கே பிழை என்று யாரும் தேடவில்லை. நேரே என் வாசலுக்குத்தான் வந்தார்கள். முதலில் அக்கா, எண்ணெய் வடிக்கிற கண்ணகப்பையில் வேகாமல் வெள்ளையாக ஒரு வடையோடு.

"என்னா தம்பி பண்ணுனீங்க? வடை பாதியில நிக்குது!"

"பாலு காயவே இல்ல கிளாக்கரே!" என்று டிஸ்பென்சர் தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

அப்போதுதான் அவளுடைய அப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார். "தம்பி, கரண்டு அடுப்பு கூடாதுன்னு இங்க சட்டமாமே?"

"ஆமாங்க."

"எத்தனை வீட்டுல இருக்கு?"

அக்கா வடையைப் பார்த்தார். டிஸ்பென்சர் மழையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அஞ்சுலயும் இருக்குங்க. அஞ்சையும் திருத்துனது நாந்தான். வெட்ட வெட்டக் கொறையும்னு சொன்னேன், கூடியிருக்கு. என் கணக்குதான் தப்பு."

"அப்ப அந்த வெறகுக் கணக்கு?" என்றார் அக்கா, ஏமாற்றத்தோடு.

"அது வெறகுக்கு மட்டுந்தான் அக்கா."

அப்பா எழுந்து மூலையிலிருந்த குடையை எடுத்தார். என் நெஞ்சு, கம்பத்துப் பியூஸ் போன வழியில் போனது. அவர் வாசல்வரை போய் வெளியே பார்த்தார். மழை சரமாரியாக ஊற்றிக்கொண்டிருந்தது. குடையைத் திரும்பச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த மழைக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன்பட்டவன்.

கேத்தலில் தண்ணீர் கொதித்திருந்தது, ஆனால் நாங்கள் வாசலில் வழக்குப் பேசிய நேரத்தில் ஆறிவிட்டது. வடையும் முடிய வேண்டும், பாலும் காய வேண்டும். அக்கா வீட்டுப் பின்பக்கத்து விறகு அடுப்புதான் கதி. அந்த அடுப்பை அவர் தொட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். அதில் ஒரு கட்டு கூரைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்று, "நான் பத்த வைக்கிறேன்" என்று முன்னால் விழுந்தேன்.

ஊதினேன். புகை வந்தது. இன்னும் ஊதினேன். இன்னும் புகை வந்தது. அத்தை இருமிக்கொண்டே முன்பக்கம் ஓடினார். அக்கா வடைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். கண்ணில் தண்ணீர் கொட்ட நான் நிமிர்ந்தபோது அங்கே அவள் மட்டும்தான் நின்றாள். என்னை விலகச் சொல்லிக் கையால் சைகை காட்டிவிட்டுக் குந்தினாள். நான் திணித்திருந்த மிலாறில் பாதியை உருவி வெளியே போட்டாள். காய்ந்ததாக நாலு சுள்ளியைக் குறுக்கே வைத்து, ஊதுகுழலை எடுத்து மெல்ல ஊதினாள். தீ பிடித்தது.

முன்பக்கம் அத்தையும் அக்காவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பால் கொதித்ததும் தேத்தண்ணி, தேத்தண்ணி குடித்ததும் பஸ். இனிக் கேட்க நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் கூரையைப் பார்க்காமல் பேசினேன்.

"கணக்கும் பாத்துட்டீங்க, வீட்டையும் பாத்துட்டீங்க. கரண்டு அடுப்பும் இனி இல்ல. உங்க பதில் என்னான்னு சொன்னா... இல்லேன்னாலும் பரவாயில்ல, சொல்லிருங்க."

அவள் ஊதுகுழலைக் கீழே வைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க அடுப்புப் பக்கமே வரக்கூடாது."